கருக்குழாய்க்குள் போகும் கேமராவும், குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட நம் பெண்களும்

ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஒரு கருவியைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெயர் ஃபாலோப்போஸ்கோப். அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் பார்ட்டன் என்ற பயோமெடிக்கல் இன்ஜினியரும் அவருடைய குழுவும் பல வருஷமாக இதற்காக உழைக்கிறார்கள். வயிற்றில் எங்கும் கீறல் கிடையாது. பிறப்புறுப்பு வழியாகக் கர்ப்பப்பைக்குள் போய், அங்கிருந்து கருக்குழாய்க்குள் நுழைந்து, குழாயின் உள்சுவரைப் படம் எடுத்துக்கொண்டு வந்த வழியே வெளியே வந்துவிடும். எதற்கு இது என்றால், ஓவரி கேன்சரை அது முளைவிடும்போதே கண்டுபிடிக்க.

ஓவரியில் வரும் கேன்சருக்கு எதற்குக் கருக்குழாய்க்குள் போகிறார்கள் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. கடந்த இருபது, இருபத்தைந்து வருஷத்தில் இந்த நோயைப் பற்றித் தெரியவந்த மிக முக்கியமான விஷயமே அதுதான், அது நம் ஊரில் படித்தவர்களுக்குக்கூடப் போய்ச் சேரவில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஓவரி கேன்சர் என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே நோய் அல்ல. அதில் பல வகை உண்டு. அதிகம் பேருக்கு வருவதும் அதிகம் பேரைக் கொல்வதும் ‘ஹை கிரேட் சீரஸ்’ என்ற வகை. இது ஓவரியின் மேல்தோலிலிருந்துதான் கிளம்புகிறது என்று பல பத்தாண்டுகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2001-ல் நெதர்லாந்தில் ஒரு குழு, பரம்பரையாகக் கேன்சர் ஆபத்து உள்ள பெண்களிடமிருந்து முன்னெச்சரிக்கையாக எடுத்த கருக்குழாய்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, அந்தக் குழாய்களின் உள்தோலில் கேன்சருக்கு முந்தைய மாற்றங்கள் இருந்தன. அப்புறம் பாஸ்டனில் ஒரு மருத்துவமனையில், குழாயின் நுனியை மெல்லிய துண்டுகளாக வெட்டி முழுவதுமாகப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். பார்க்கப் பார்க்கக் கிடைத்தது. அதுவரை யாரும் அங்கே சரியாகத் தேடவே இல்லை.

கருக்குழாய் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கர்ப்பப்பையோடு ஒட்டும் இடத்தில் மிகவும் குறுகலாக இருந்து, ஓவரிப் பக்கம் போகப்போக விரிந்து, கடைசியில் விரல் விரலாகத் தொங்கும். முட்டையை வாங்கிக்கொள்வது அந்த விரல்கள்தான். கேன்சரின் முதல் செல்கள் பெரும்பாலும் அங்கேதான் உருவாகின்றன. அங்கிருந்து உதிர்ந்து ஓவரி மேல் விழுந்து ஒட்டிக்கொள்கின்றன, வயிறு முழுக்கப் பரவுகின்றன. 2017-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். குழாயில் முதல் புள்ளி தோன்றி அது ஓவரி கேன்சராக மாற சராசரியாக ஆறரை வருஷம் ஆகிறதாம். ஒரு சில நோயாளிகளின் மாதிரிகளை வைத்துப் போட்ட கணக்குதான், எல்லோருக்கும் பொருந்துமென்று சொல்ல முடியாது. ஆனாலும் ஆறரை வருஷம் என்று படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

ஏனென்றால் என் பெரியம்மா விஷயத்தில் எங்களுக்குக் கிடைத்த அவகாசம் ஒன்றுமே இல்லை. சாப்பிட்டால் உப்பசம், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது, அடிக்கடி யூரின் வருகிறது, இதுதான் ஆரம்பத்தில் சொன்னது. கேஸ் டிரபிள் என்று மாத்திரை கொடுத்தார்கள். வேறு இடத்தில் போய்க் காட்டினோம், அங்கேயும் அதே மாத்திரைதான், பிராண்டு மட்டும் வேறு. புடவைக் கொசுவம் எட்டவில்லை என்று பெரியம்மாவே சொன்ன பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம், அதற்குள் வயிற்றில் நீர் கோத்திருந்தது. மூன்றாம் நிலை. அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் நடந்தது. நோய் திரும்பி வந்தது. அவ்வளவுதான்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நடந்த அபூர்வக் கதை இல்லை. உலகம் முழுக்க இந்த நோயில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு, மூன்றாம் அல்லது நான்காம் நிலைக்குப் போன பிறகுதான் தெரியவருகிறது. 2022-ம் ஆண்டுக்கான உலகக் கணக்குப்படி இந்தியாவில் மட்டும் சுமார் 47 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக வந்தது, சுமார் 33 ஆயிரம் பேர் இறந்தார்கள். ஓவரியைத் தாண்டாத கட்டத்தில் கண்டுபிடித்தால் ஐந்து வருஷம் தாண்டுபவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல். தூரத்துக்குப் பரவிய பிறகு என்றால் 30 சதவீதத்தை ஒட்டி. (அமெரிக்கக் கணக்கு இது.)

அப்படியானால் எல்லோருக்கும் வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்து ரத்தம் பார்த்துவிடலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. அதைச் செய்துபார்த்துவிட்டார்கள். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2001-ல் ஆரம்பித்து, 2021-ல் கடைசி முடிவைச் சொன்னார்கள். ஒரு பிரிவுக்கு வருஷா வருஷம் சிஏ-125 என்ற புரதம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை, ஒரு பிரிவுக்கு ஸ்கேன், ஒரு பிரிவுக்கு ஒன்றுமில்லை. ரத்தப் பரிசோதனை செய்த பிரிவில் முதல் நிலையில் கண்டுபிடிப்பது கூடியது, நான்காம் நிலை குறைந்தது, ஆனால் இறந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. அதாவது ரத்தத்தில் தெரியும் அளவுக்கு வந்தபோதே பலருக்கு நோய் கைமீறிவிட்டிருந்தது. அமெரிக்காவில் 78 ஆயிரம் பெண்களிடம் நடந்த இன்னொரு ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது, அது இன்னும் மோசம். நோயே இல்லாத 3,285 பேருக்கு இருக்கலாம் என்று பரிசோதனை காட்டியது. அவர்களில் 1,080 பேருக்கு அதற்காகவே அறுவை சிகிச்சை நடந்தது. அந்த 1,080 பேரில் 163 பேருக்குப் பெரிய சிக்கல்கள் வந்தன. இந்த ஆய்விலும் இறப்பு குறையவில்லை.

சிஏ-125 என்பது மாதவிலக்கு நேரத்தில் ஏறும், கர்ப்பத்தில் ஏறும், எண்டோமெட்ரியோசிஸில் (கர்ப்பப்பையின் உள்தோல் போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோய்) ஏறும், கல்லீரல் கெட்டுப்போனால் ஏறும். நம் நாட்டில் முக்கியமாக வயிற்று டிபியில் ஏறும். வயிற்றில் நீர், கட்டி போன்ற தோற்றம், சிஏ-125 எகிறியிருக்கிறது என்று கேன்சராகவே நினைத்து, திறந்துபார்த்தால் டிபி என்று முடிந்த கதைகள் மருத்துவ இதழ்களில் நிறைய இருக்கின்றன. இப்படிப்பட்ட ஒன்றை எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களின் மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜில் சேர்த்து விற்பது தவறு என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். எண் கூடியிருந்தால் வீணாகக் கலங்கிப்போவார்கள், குறைந்திருந்தால் பயமில்லை என்று நினைத்துவிடுவார்கள். சிகிச்சையில் இருப்பவர்களுக்கு நோய் அடங்குகிறதா என்று பார்க்க அது உதவும், சந்தேகம் வந்த பிறகு மற்றப் பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்க்கவும் உதவும். அதற்காகவே பயன்படட்டும்.

ஆக, தேட வேண்டிய இடம் குழாயின் நுனி, தேட வேண்டியது ஸ்கேனில் தெரியாத, கண்ணுக்கே தட்டுப்படாத ஒரு புள்ளி. அதனால்தான் உள்ளேயே போகும் கருவிகள்.

அரிசோனாக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், எனக்கு இதில்தான் மனசு போகிறது. அதில் இரண்டு மூன்று விதமான ஒளி வேலை செய்கிறது. ஒன்று ஓசிடி. கண் ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் பார்க்க எடுக்கிறார்களே, அதே ஓசிடிதான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, திசுவின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் திரும்பி வருவதை வைத்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம்வரை குறுக்குவெட்டுப் படம் தருகிறது. வெட்டாமல் பார்க்கும் பயாப்சி என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று ஃப்ளூரசன்ஸ். நம் செல்களில் இயல்பாகவே இருக்கும் சில பொருள்கள், குறிப்பிட்ட நிற ஒளி பட்டால் வேறு நிறத்தில் மினுங்கும். கேன்சரை நோக்கிப் போகும் செல்லில் இந்தப் பொருள்களின் அளவு மாறுவதால் மினுங்கலும் மாறும். சாயம் எதுவும் ஏற்ற வேண்டியதில்லை. இத்தனையையும், ஒளி போக, ஒளி வர, படம் எடுக்க எல்லாவற்றையும், ஒரு மில்லிமீட்டருக்குள் அடக்கியிருக்கிறார்கள்.

ஜான் ஹியூசின்க்வெல்ட் என்ற மகளிர் மருத்துவர் பார்ட்டனுடன் சேர்ந்து இதை முதன்முதலாகப் பெண்களிடம் பயன்படுத்திப் பார்த்தார். வேறு காரணங்களுக்காகக் கருக்குழாயை எடுக்கும் அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களிடம், அவர்கள் சம்மதத்தோடு, குழாயை எடுப்பதற்கு முன்னால் உள்ளே விட்டுப் படம் எடுத்தார்கள். குழாய் எப்படியும் வெளியே வரப்போகிறது என்பதால் கருவியால் ஏதாவது சேதம் ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு இழப்பில்லை, எடுத்த குழாயை லேபில் வெட்டிப் பார்த்து ஒளிப்படத்தோடு ஒப்பிடவும் முடியும். நேர்மையான முறை என்று பட்டது எனக்கு. உள்ளே போக முடிகிறதா, பாதுகாப்பாக இருக்கிறதா, படம் தெளிவாக வருகிறதா என்று பார்ப்பதுதான் அந்த முதல் கட்டத்தின் நோக்கம். கேன்சரைக் கண்டுபிடித்துவிடும் என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை, அவர்களும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

குழாய்க்குள் எட்டிப்பார்ப்பதே புதிது என்று நினைக்க வேண்டாம். 1990-களிலேயே, குழந்தையில்லாத பெண்களுக்குக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க இப்படிச் செய்தார்கள். உள்ளேயிருந்து வெளியே புரண்டு விரியும் ஒரு பலூனோடு கேமராவும் நகர்ந்து போகும் முறை அப்போதே வந்துவிட்டது. மற்ற நாடுகளில் ஐவிஎஃப் பரவிய பிறகு அது வழக்கொழிந்தது. ஜப்பானில் அடைப்பை நீக்க இன்னமும் செய்கிறார்கள். அன்றைய கேமராவால் சுவரின் மேற்பரப்பைத்தான் பார்க்க முடிந்தது, அடியில் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது.

படம் எடுக்காமல் செல்லையே சேகரிக்கலாம் என்று போனவர்களும் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் சுர்பி சர்னா என்ற இந்திய வம்சாவளிப் பெண், பதின்வயதில் தனக்கு ஓவரியில் கட்டி வந்து, அது கேன்சரா என்று தெரியாமல் தவித்த அனுபவத்திலிருந்து என்விஷன் மெடிக்கல் என்ற கம்பெனியைத் தொடங்கினார். குழாய்க்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழலை விட்டுச் செல்களை எடுத்துவரும் கருவி அது. மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதியும் கிடைத்தது. 2018-ல் பாஸ்டன் சயின்டிஃபிக் என்ற பெரிய மருத்துவக் கருவி நிறுவனம் அந்தக் கம்பெனியை 27.5 கோடி டாலர் வரை தருவதாகச் சொல்லி வாங்கியது. ஆனால் செல்லை எடுக்க அனுமதி கிடைப்பது வேறு, அந்தச் செல்லைப் பார்த்து உயிரைக் காப்பாற்ற முடியும் என்று காட்டுவது வேறு. இரண்டாவது இன்னும் நடக்கவில்லை.

வியன்னாவில் ஒரு குழு கர்ப்பப்பையை உப்புநீரால் கழுவி, அந்த நீரில் கேன்சர் செல்களின் டிஎன்ஏ இருக்கிறதா என்று பார்த்தது. ஏற்கெனவே ஓவரி கேன்சர் இருந்த 30 பேரில் 24 பேருக்குக் கிடைத்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2018-ல், கர்ப்பப்பை வாயிலிருந்து செல் எடுக்கும் சாதாரண பாப் ஸ்மியர் பிரஷ்ஷிலேயே தேடிப் பார்த்தது, ஓவரி கேன்சர் இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தெரிந்தது. கர்ப்பப்பைக்குள்ளேயே போகும் பிரஷ்ஷைப் பயன்படுத்தினால் 45 சதவீதம். குழாயிலிருந்து உதிரும் செல்கள் கீழே இறங்கி வருகின்றன என்பது இதிலிருந்து உறுதி.

இதையெல்லாம் படித்துக்கொண்டு வரும்போதுதான் ஒன்று உறைத்தது. குழாய் திறந்திருந்தால்தானே கீழே இறங்கும்? குழாய் திறந்திருந்தால்தானே கருவி மேலே ஏறும்?

தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். என் அம்மா, பெரியம்மா, அத்தை, எங்கள் தெருவில் நாற்பது தாண்டிய அக்காக்கள், யோசித்துப்பார்த்தால் செய்யாதவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டாவது குழந்தை பிறந்த கையோடு, இருபத்தைந்து இருபத்தாறு வயசுக்குள் முடித்துவிடுவார்கள். அந்த ஆபரேஷனில் குழாயைக் கர்ப்பப்பைக்குப் பக்கமாக ஓரிடத்தில் கட்டி வெட்டுகிறார்கள், அல்லது வளையம் போடுகிறார்கள். நுனி அப்படியே உள்ளேதான் இருக்கும். அதாவது ஆபத்து உள்ள இடம் அங்கேயே இருக்கிறது, அதற்குப் போகிற பாதை மட்டும் அடைபட்டுவிட்டது. கீழிருந்து போகும் எந்தக் கேமராவும் அந்தக் கட்டைத் தாண்டாது.

இது என் ஊகம் மட்டும் இல்லை. 2014-ல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு, ஓவரி கேன்சர் உள்ள பெண்கள் வைத்துக்கொண்ட டாம்பூனில் (பிறப்புறுப்புக்குள் வைக்கும் பஞ்சு) கேன்சரின் டிஎன்ஏவைத் தேடியது. குழாய் திறந்திருந்த 5 பேரில் 3 பேருக்குக் கிடைத்தது. குழாய் கட்டியிருந்த 3 பேரில் ஒருவருக்குக்கூடக் கிடைக்கவில்லை. எண்ணிக்கை மிகக் குறைவு, ஆனால் அடைத்த குழாயில் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

குடும்பக் கட்டுப்பாடு செய்தது தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குழாய் கட்டியவர்களுக்கு ஓவரி கேன்சர் வரும் வாய்ப்பு மொத்தத்தில் கொஞ்சம் குறைகிறது என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் குறைவது பெரும்பாலும் வேறு வகைகள், கொல்லும் அந்த சீரஸ் வகையில் பாதுகாப்பு அவ்வளவு இல்லை.

இங்கேதான் கனடாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2010-ல் மகளிர் மருத்துவர்கள் எல்லோருக்கும் ஒரு பரிந்துரை போனது: கருத்தடைக்காகவோ கர்ப்பப்பையை எடுக்கவோ வயிற்றைத் திறக்கும்போது, குழாயைக் கட்டுவதற்குப் பதிலாக முழுசாக எடுத்துவிடுங்கள், ஓவரியைத் தொடாதீர்கள். ஓவரி இருப்பதால் ஹார்மோன் பிரச்சினை இல்லை, மாதவிலக்கு சீக்கிரம் நிற்பதில்லை. 2022-ல் வந்த கணக்கில், குழாயை முழுசாக எடுத்துக்கொண்டவர்களில் வழக்கமான விகிதப்படி ஐந்து பேருக்காவது சீரஸ் வகை வந்திருக்க வேண்டும், ஒருவருக்குக்கூட வரவில்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமும் இந்த வாய்ப்பைப் பெண்களிடம் எடுத்துச்சொல்ல வேண்டும் என்கிறது.

ஒவ்வொரு வருஷமும் லட்சக்கணக்கில் கருத்தடை ஆபரேஷன் நடக்கும் நாடு இது. சிசேரியனோடு சேர்த்துச் செய்யும்போது, குழாயை முழுசாக எடுக்க இன்னும் சில நிமிஷம் கூடுதலாகும். எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. அரிசோனாக் கேமரா நம் அரசு மருத்துவமனைக்கு வர எத்தனை வருஷமோ, இது நாளைக்கே செய்யக்கூடியது.

சரி, எதிர்வாதமும் இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. கட்டிய குழாயை மறுபடி இணைக்கலாம், எடுத்த குழாயை இணைக்க முடியாது. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கம் பெற்ற பிள்ளைகளை மொத்தமாகப் பறிகொடுத்த அம்மாக்கள், குழாயை மறுபடி இணைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பக் குழந்தை பெற்றார்கள், அரசே அதற்கு ஏற்பாடு செய்தது. குழாயை எடுத்திருந்தால் அவர்களுக்கு ஐவிஎஃப் மட்டும்தான் வழி. இருபத்தைந்து வயசில் இந்த முடிவை எடுக்கும் பெண்ணிடம், பிரசவ வலியோடு இருக்கும்போது பேப்பரை நீட்டிக் கையெழுத்து வாங்காமல், கர்ப்பம் ஆறேழு மாசம் இருக்கும்போதே உட்கார்ந்து இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு வேண்டாம், கட்டினால் போதும் என்று அவர் சொன்னால் அதுவும் சரிதான்.

நான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்குப் பெரியம்மா மகள்தான் காரணம். பெரியம்மாவுக்கு வந்த வகையில் 100 பேரில் சுமார் 15 பேருக்கு, பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2 என்ற இரண்டு மரபணுக்களில் ஒன்றில் பரம்பரையாக வரும் கோளாறு இருக்கும், குடும்பத்தில் பரிசோதித்துவிடுங்கள் என்று ஒரு டாக்டர் சொன்னார். (இதை முதல் டாக்டரே சொல்லியிருக்க வேண்டும்.) அக்காவுக்குப் பிஆர்சிஏ-1 கோளாறு இருக்கிறது என்று வந்தது. அப்படி இருந்தால் எண்பது வயசுக்குள் ஓவரி கேன்சர் வரும் வாய்ப்பு 44 சதவீதம், பிஆர்சிஏ-2 என்றால் 17. சாதாரணமாக ஒன்றரை சதவீதம்கூட இல்லை. அக்காவுக்கு வயது 38. பிஆர்சிஏ-1 உள்ளவர்கள் 35-லிருந்து 40-க்குள் குழாயையும் ஓவரியையும் எடுத்துவிடுவது நல்லது என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்.

“ஏண்டி, நீ சொல்ற அந்தக் கேமரா வர்ற வரைக்கும் நான் பொறுத்துக்கக் கூடாதா? வருஷத்துக்கு ஒரு தடவை உள்ள விட்டுப் பார்த்துக்கிட்டா போதும்ல?” என்று கேட்டாள். அந்தக் கருவியைச் செய்கிறவர்கள் மனசில் வைத்திருப்பதும் என் அக்காவைப் போன்றவர்களைத்தான். நாற்பதுக்கு முன்னாலேயே ஓவரியை எடுத்தால் திடீரென்று மாதவிலக்கு நின்று, உடம்பு தகிக்கும், தூக்கம் போகும், எலும்பு தேயும், இதயத்துக்கும் நல்லதல்ல. குழாயை மட்டும் பார்த்துக்கொண்டே ஓவரியைச் சில வருஷம் வைத்திருக்க முடிந்தால் அது எவ்வளவு பெரிய விஷயம். ஆனால் அக்காவும் இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன் செய்துகொண்டவள். அவளுக்கு அந்தப் பாதை கிடையாது. சொன்னேன். கொஞ்ச நேரம் போனில் ஒன்றும் பேசவில்லை.

நெதர்லாந்தில் முதலில் குழாயை மட்டும் எடுத்துவிட்டு, ஓவரியைச் சில வருஷம் கழித்து எடுக்கும் முறையை ஆராய்கிறார்கள். மாதவிலக்கு நிற்பதால் வரும் தொந்தரவுகள் அந்தப் பெண்களுக்குக் குறைவாக இருக்கின்றன என்று 2021-ல் எழுதினார்கள், கேன்சரை அதே அளவுக்குத் தடுக்கிறதா என்பதற்கு இன்னும் பல வருஷம் பார்க்க வேண்டும். அக்கா இதையும் டாக்டரிடம் கேட்டாள். டாக்டர் அவசரப்படுத்தவில்லை, ஆனால் பிஆர்சிஏ-1 என்பதால் இரண்டையும் சேர்த்து எடுப்பதைத்தான் பரிந்துரைப்பேன் என்று தெளிவாகச் சொன்னார். எடுத்த குழாய்களின் நுனியைத் துண்டு துண்டாக, முழுசாகப் பார்க்கச் சொல்லி லேபுக்கு எழுதித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். அக்கா ஒத்துக்கொண்டுவிட்டாள், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் ஆபரேஷன்.

இதைப் படிப்பவர்களில் மகப்பேறு மருத்துவர்களோ நர்ஸ்களோ இருந்தால் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் மருத்துவமனையில் கருத்தடைக்கு வரும் பெண்களிடம் குழாயைக் கட்டுவதா, முழுசாக எடுப்பதா என்று கேட்கிறீர்களா? கேட்பதில்லை என்றால் எது தடையாக இருக்கிறது, நேரமா, விதிமுறையா, பயிற்சியா? கீழே எழுதுங்கள். என் சித்தி மகளுக்கு இது ஏழாவது மாசம், இரண்டாவது குழந்தை, அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.